வென்றவனும் தோற்றவனும் நண்பராதல்: 'ஒன்பதாவது படையணியின் கழுகு' புதினமும் உரோமானிய வரலாறும்

முன்னுரை

வரலாற்றுப் புதினம் ஒன்றை வரலாற்று நோக்கில் எவ்வாறு படிப்பது என்பது இலக்கிய ஆசிரியர்களும் வரலாற்று ஆசிரியர்களும் அடிக்கடி எதிர்கொள்ளும் வினாவாகும். புதினத்தில் கூறப்படும் நிகழ்வுகள் உண்மையில் நடந்தனவா என்று சரிபார்ப்பதோடு பலர் நின்றுவிடுகின்றனர். சரிபார்த்தல் இன்றியமையாததே, ஆயினும் அது ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு ஒரு புதினத்தின் வரலாற்று மதிப்பை முற்றாக அளந்துவிட முடியாது. நிகழ்வில் பிழைபட்ட புதினமும் ஒரு காலத்து மனித உறவைச் சரியாகக் காட்டியிருக்கக்கூடும்.

இக்கருத்தை விளக்குவதற்கு ஏற்ற நூலாக, ஆங்கில எழுத்தாளர் ரோஸ்மேரி சட்கிளிஃப் (1920–1992) 1954இல் வெளியிட்ட 'தி ஈகிள் ஆஃப் தி நைன்த்' (ஒன்பதாவது படையணியின் கழுகு) என்னும் புதினத்தை இங்கு எடுத்துக்கொள்கிறோம். இளைஞர்க்கென எழுதப்பட்ட இந்நூல், கி.பி. 2ஆம் நூற்றாண்டில் உரோமானியர் ஆட்சியிலிருந்த பிரித்தானியாவைக் களமாகக் கொண்டது. போரில் வென்ற இனத்தைச் சேர்ந்த ஒருவனும் தோற்ற இனத்தைச் சேர்ந்த ஒருவனும் நண்பராக இருத்தல் இயலுமா என்பதே அதன் அடிப்படை வினா என்பது நம் கருத்து. இந்நூல் கூறும் போர்ச்செய்தி இன்று பெரிதும் ஐயத்திற்கு உள்ளாகியிருக்கின்றது. ஆனால், அது கற்பனையாகப் படைத்த நட்பு, உரோமானியச் சட்டமும் கல்வெட்டுகளும் காட்டும் வாழ்க்கைக்கு மிக அணித்தாக அமைந்துள்ளது. இக்கட்டுரை இவ்விரண்டையும் தனித்தனியே ஆராய முற்படுகின்றது.

கதையின் போக்கு

மார்க்கஸ் ஃபிளேவியஸ் அக்குவிலா என்னும் இளம் உரோமானிய வீரன், பிரித்தானியாவின் தென்மேற்கிலுள்ள ஒரு கோட்டைக்கு நூற்றுவர் தலைவனாக வருகின்றான். அவன் தந்தை ஒன்பதாவது படையணியில் பணியாற்றியவர். அப்படையணி வடக்கே கலகத்தை அடக்கச் சென்று திரும்பி வராமற் போனதாகப் புதினம் கூறுகின்றது. கோட்டையருகே வாழும் கிராடொக் என்னும் உள்ளூர் வேட்டைக்காரனோடு மார்க்கஸ் பழகுகின்றான். இருவரும் வேட்டைக்குச் செல்கின்றனர். பந்தயம் வைத்துத் தேரோட்டுகின்றனர். பின்னர்க் கலகம் வெடிக்கும்போது கோட்டையைத் தாக்க வரும் தேரில் நிற்பவன் அதே கிராடொக். மார்க்கஸ் அத்தேரைக் கவிழ்க்கின்றான், கிராடொக் இறக்கின்றான், மார்க்கஸின் கால் நொறுங்கி அவனது படைத்துறை வாழ்வும் முடிகின்றது.

கல்லேவா என்னும் ஊரில் (இன்றைய சில்செஸ்டர்) தன் மாமன் வீட்டில் தங்கியிருக்கும் மார்க்கஸ், அங்கு நடைபெறும் விளையாட்டரங்கில் தோற்றுக் கிடக்கும் எஸ்கா என்னும் அடிமை வீரனின் உயிரைக் காப்பாற்றி அவனை விலைக்கு வாங்குகின்றான். எஸ்கா, பிரிகாண்டர் என்னும் வடபுல மக்களுள் ஒரு குலத்தலைவனின் மகன். தன் குடும்பம் முழுவதையும் உரோமானியரோடு நடந்த போரில் இழந்தவன். பின்னர் இருவரும் கண் மருத்துவனும் அவன் துணைவனுமாக வேடமிட்டு, ஆதிரியான் மதிலுக்கு அப்பால் சென்று, தொலைந்துபோன கழுகுச் சின்னத்தை மீட்டு வருகின்றனர்.

கதையில் நட்பு இருமுறை சோதிக்கப்படுகின்றது என்பது கருத்தில் கொள்ளத்தக்கது. கிராடொக்கோடு கொண்ட நட்பு பொய்யானதன்று. ஆயினும் அது போரின் முன் நிற்கவில்லை. எஸ்காவோடு கொண்ட நட்பு நின்றது. இரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாடு யாது என்பதே நாம் விடை காண வேண்டிய வினா.

ஒன்பதாவது படையணி: சான்றுகள் கூறுவன

சட்கிளிஃப் இரண்டு செய்திகளை இணைத்துத் தம் கதையை அமைத்தார். ஒன்று, ஒன்பதாவது படையணி கி.பி. 117 அளவில் வடபிரித்தானியாவில் மறைந்தது என அக்காலத்தில் பரவலாக நிலவிய கருத்து. மற்றொன்று, சில்செஸ்டரில் 1866இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட, இறக்கைகளை இழந்த வெண்கலக் கழுகு. இக்கழுகு இப்பொழுது ரெடிங் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஆயின், அது படைச்சின்னமன்று. கடவுளுடையதோ பேரரசருடையதோ ஆகிய ஒரு சிலையின் பகுதியாக இருந்திருக்கலாம் என்றே அறிஞர் கருதுகின்றனர்.

படையணியைப் பற்றிய வரலாறும் நாவலாசிரியர் எண்ணியதைவிடச் சிக்கலானது. 'ஹிஸ்பானா' என்னும் சிறப்புப் பெயர் கொண்ட இப்படையணி, கி.பி. 43இல் தொடங்கிய படையெடுப்பின்போது பிரித்தானியாவுக்கு வந்தது. கி.பி. 60–61இல் பூதிக்கா அரசியின் எழுச்சியில் இதன் காலாட்படையினர் பெருந்தொகையில் மாண்டனர். தளபதி பெட்டிலியஸ் செரியாலிஸ் குதிரைப்படையோடு தப்பினார். கி.பி. 80களின் தொடக்கத்தில் அக்ரிக்கோலாவின் வடபுலப் போரில் இதன் பாசறை இரவில் தாக்கப்பட்டது. இவ்விரு செய்திகளும் வரலாற்றாசிரியர் தாசித்தஸ் தருவன. பிரித்தானியாவில் இதனைக் குறிக்கும் காலம் தெளிவான இறுதிக் கல்வெட்டு, யார்க் நகரில் திராஜன் பேரரசர் காலத்தில் கி.பி. 107–108இல் பொறிக்கப்பட்டதாகும்.

அதன் பின்னர் நிகழ்ந்தது யாது? நெதர்லாந்தின் நைமேகன் பகுதியில் இப்படையணியின் முத்திரை பதித்த ஓடுகள் கிடைத்துள்ளன. மேலும், இப்படையணியில் இளமையில் பணியாற்றிய சில அதிகாரிகள் கி.பி. 2ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே ஆட்சித் தலைமைப் பதவியை அடைந்தனர். அவர்தம் பணிக்காலத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டால், கி.பி. 117க்குப் பின்னும் படையணி இருந்ததாகவே கொள்ள வேண்டியிருக்கின்றது. ஆயினும், மார்க்கஸ் அவுரேலியஸ் காலத்தில் தொகுக்கப்பட்ட படையணிப் பட்டியலில் இதன் பெயர் இல்லை. எனவே, இப்படையணி யூதேயாவில் கி.பி. 132–135இல் நடந்த போரிலோ ஆர்மீனியாவில் கி.பி. 161இல் ஏற்பட்ட தோல்வியிலோ அழிந்திருக்கலாம் என்போர் உளர். நைமேகனுக்குச் சென்றது ஒரு பிரிவு மட்டுமே; எஞ்சியோர் பிரித்தானியாவிலேயே அழிந்தனர் என்னும் பழைய கருத்தை இன்றும் தாங்குவோரும் உளர்.

அக்கருத்திற்கும் சில துணைச்சான்றுகள் உண்டு. ஆதிரியான் ஆட்சியில் பிரித்தானியரால் பல உரோமானிய வீரர் கொல்லப்பட்டனர் என்பதை ஃபிரான்டோ என்னும் அறிஞர் மார்க்கஸ் அவுரேலியஸுக்கு எழுதிய மடல் நினைவூட்டுகின்றது. வின்தோலந்தா கோட்டையில், போரில் கொல்லப்பட்ட நூற்றுவர் தலைவன் ஒருவனின் நினைவுக்கல் கிடைத்துள்ளது. கி.பி. 122 அளவில் ஆறாவது படையணி பிரித்தானியாவுக்கு வந்தது. அவ்வாண்டிலேயே ஆதிரியான் மதில் எழுப்பும் பணியும் தொடங்கியது. ஆகவே, வடபுலத்தில் போர் நடந்தது உறுதி. ஒரு படையணி முழுவதும் அங்கே மறைந்தது என்பது உறுதியன்று. 1954இல் கிடைத்த அறிவைக் கொண்டு சட்கிளிஃப் எழுதினார். அதில் அவர்மீது குறை காண்பதற்கில்லை.

நட்பைப் பற்றி உரோமானியர் எண்ணியவை

உரோமானியர் நட்பைப் பற்றி மிகுதியாகச் சிந்தித்தவர்கள். சிசரோ கி.மு. 44இல் இயற்றிய நட்பைப் பற்றிய உரையாடல் நூல், லேலியஸுக்கும் சிப்பியோவுக்கும் இடையே நிலவிய நட்பை முன்னிறுத்துகின்றது. நட்பில் உயர்ந்தவன் தன்னைத் தாழ்ந்தவனுக்கு நிகராக ஆக்கிக்கொள்ள வேண்டும் என்பது அந்நூலின் முதன்மையான கருத்துகளுள் ஒன்று. எனினும், அங்கே பேசப்படும் உயர்வு தாழ்வு உரிமையுடைய குடிமக்களுக்கு இடையே உள்ளவையே. விலைக்கு வாங்கப்பட்ட மனிதன் அவ்வட்டத்திற்குள் வருவதில்லை.

அவ்வட்டத்தின் எல்லையில் நின்றவர் சிசரோவின் செயலாளரான டீரோ. கி.மு. 53 அளவில் சிசரோ அவருக்கு விடுதலை அளித்தார். அப்பொழுது சீசரின் படையோடு கால் நாட்டில் இருந்த சிசரோவின் தம்பி குவிந்தஸ், டீரோ இனித் தங்களுக்கு அடிமையாக இராமல் நண்பராக இருப்பது குறித்து மகிழ்ந்து மடல் எழுதினார். இம்மடலில் ஒரு நுட்பம் உண்டு. அன்பு முன்னரே இருந்தது. ஆயினும் 'நண்பர்' என்னும் சொல் விடுதலைக்குப் பின்னரே பொருந்துவதாயிற்று. ஒரு நூற்றாண்டு கழித்துச் செனக்கா, தம் 47ஆம் மடலில், அடிமைகளும் மனிதரே, எளிய நிலையிலுள்ள நண்பரே என்று வாதிட்டார். அடிமை முறையை ஒழிக்க வேண்டும் என்று அவர் கூறவில்லை. அடிமையாகவே வைத்துக்கொண்டு நண்பன் என அழைக்கலாம் என்பது அவர் நிலை.

இவ்விரு நிலைகளுக்கும் இடையே சட்கிளிஃப் தெளிவாக முதலாவதைத் தேர்ந்தெடுத்தார்.

விடுதலைப் பத்திரம்

வடக்கே செல்லும் பயணம் உயிருக்கு இறுதி காணக்கூடியது. அதற்கு எஸ்காவின் துணை மார்க்கஸுக்குத் தேவை. ஆனால் உயிரைப் பணயம் வைக்கும் பயணத்திற்கு ஓர் அடிமையை அழைப்பது அழைப்பாகாது, ஆணையாகிவிடும் என்பதை அவன் உணர்கின்றான். எனவே, முதலில் விடுதலைப் பத்திரத்தை எஸ்காவின் கையில் தருகின்றான். அதன் பின்னரே வருகின்றாயா என்று கேட்கின்றான். மறுக்கும் உரிமை உள்ளவன் அளிக்கும் இசைவே நட்பின் இசைவு என்பது இக்காட்சியின் உட்பொருள்.

இந்நூலைத் தழுவி கெவின் மக்டானல்டு இயக்கத்தில் 2011இல் வெளிவந்த 'தி ஈகிள்' திரைப்படம் இவ்வரிசையை மாற்றிவிட்டது. அதில் எஸ்கா அடிமையாகவே வடக்கே செல்கின்றான். அங்கே மார்க்கஸைத் தன் அடிமை என்று பிறரிடம் கூறி நிலையைத் தலைகீழாக்குகின்றான். இறுதிக்கட்டத்திலேயே விடுதலை பெறுகின்றான். திரைக்கதைக்கு இது விறுவிறுப்பைத் தருகின்றது என்பதில் ஐயமில்லை. ஆயின், நட்பின் தன்மை மாறிவிடுகின்றது. புதினத்தில் விடுதலை நட்புக்கு முன்நிபந்தனை. திரைப்படத்தில் அது விசுவாசத்திற்குக் கிடைக்கும் பரிசு. இவ்வேறுபாட்டை வகுப்பறையில் எடுத்துக்காட்டுவது பயனுடையது.

விடுதலையோடு எல்லாம் முடிந்துவிடுவதுமில்லை. உரோமானியச் சட்டத்தில், விடுதலை பெற்றவன் தன்னை விடுவித்தவனைப் புரவலனாகக் கொண்டு அவனுக்கு மதிப்பும் சில பணிகளும் செய்யக் கடமைப்பட்டவன். கி.பி. 4இல் இயற்றப்பட்ட ஏலியா செந்தியா சட்டம் மேலும் சில தடைகளை விதித்தது. 30 வயதிற்கு உட்பட்ட அடிமை, தகுந்த காரணம் காட்டி உரிய அவையின் முன் விடுவிக்கப்பட்டாலன்றி முழுக் குடியுரிமை பெற இயலாது. அதனினும் கடுமையானது மற்றொரு விதி. தண்டனையாக உடைமையாளரால் அரங்கில் போரிட அனுப்பப்பட்ட அடிமைகள், விடுதலை பெற்ற பின்னும் சரணடைந்த பகைவரின் நிலையிலேயே வைக்கப்பட்டனர். அவர்கள் ஒருபோதும் குடியுரிமை பெற முடியாது எனச் சட்ட அறிஞர் கேயஸ் எழுதுகின்றார்.

எஸ்கா மார்க்கஸின் வயதையொத்த இளைஞன், அரங்கிலிருந்து வந்தவன். இச்சட்டத்தைக் கண்டிப்பாகப் பொருத்தினால், அவன் வாழ்நாள் முழுவதும் உரோமுக்கு அயலானாகவே இருந்திருக்கக்கூடும். புதினத்தின் இறுதியில் உரோமானிய ஆட்சிமன்றம் மார்க்கஸுக்கு நிலமும் எஸ்காவுக்குக் குடியுரிமையும் வழங்குவதாகச் சட்கிளிஃப் எழுதுகின்றார். தனிமனிதனாகிய மார்க்கஸ் தன் அன்பினால் கொடுக்க முடியாத ஒன்று இருந்தது என்பதை இம்முடிவு ஒப்புக்கொள்கின்றது. நண்பன் விடுதலையைத் தரலாம். சமநிலையை அரசே தர வேண்டும். அத்துடன், அடிமைக்குரிய அடையாளமாக எஸ்காவின் காதில் இடப்பட்ட வெட்டு எந்தப் பத்திரத்தாலும் மறைவதில்லை என்பதையும் நூல் மறக்கவில்லை.

எல்லைப்புறக் கற்கள்

இத்தகைய உறவு முற்றிலும் கற்பனையா? ஆதிரியான் மதிலின் கிழக்கெல்லையை அடுத்துள்ள சவுத் ஷீல்ட்ஸ் கோட்டையில் கிடைத்த இரு நினைவுக்கற்கள் இதற்கு விடை தருகின்றன. ஒன்று, விக்டர் என்பானுக்கு எழுப்பப்பட்டது. அவன் வட ஆப்பிரிக்காவின் மூர் இனத்தவன். 20 வயதில் இறந்தவன். அஸ்தூரியர் குதிரைப்படையைச் சேர்ந்த நுமேரியானஸ் என்னும் வீரனால் விடுதலை அளிக்கப்பட்டவன். நுமேரியானஸ் மிகுந்த அன்போடு அவனுக்கு இறுதிக்கடன் செய்ததைக் கல் பதிவு செய்கின்றது. கட்டிலில் சாய்ந்து விருந்துண்ணும் செல்வனாக விக்டர் செதுக்கப்பட்டுள்ளான். ஒரு சாதாரணக் குதிரைவீரன் இத்தகைய கல்லை எழுப்புவதற்குப் பெரும் பொருள் செலவிட்டிருக்க வேண்டும்.

மற்றொன்று, ரெஜினா என்பவளுக்கு எழுப்பப்பட்டது. அவள் தென்பிரித்தானியாவின் கட்டுவெல்லானி இனத்தவள். 30 வயதில் இறந்தவள். அவளை விடுவித்து மணந்தவன், சிரியாவின் பல்மைரா நகரிலிருந்து வந்த பராத்தஸ். இலத்தீன் வரிகளுக்குக் கீழே தன் தாய்மொழியிலும் ஒரு வரியைப் பொறித்து, அதன் முடிவில் ஒரு துயரச் சொல்லை அவன் சேர்த்துள்ளான். அவ்வூரில் அதனைப் படிக்கக்கூடியவர் மிகச் சிலரே இருந்திருப்பர். பிறர்க்கு அறிவிப்பதற்கன்று, தன் துயரைத் தன் மொழியில் சொல்லிக்கொள்வதற்கே அவ்வரி எழுந்தது எனலாம்.

இவ்விரு கற்களும் எஸ்கா–மார்க்கஸ் உறவு நடக்கக்கூடியதே எனக் காட்டுகின்றன. ஆனால் அவற்றில் ஒரு குறையும் உண்டு. இரண்டிலும் பேசுபவர் விடுதலை அளித்தவரே. விக்டர் நுமேரியானஸைப் பற்றி என்ன எண்ணினான், ரெஜினா எவ்வாறு அடிமையானாள் என்பவற்றைக் கல் கூறவில்லை. வின்தோலந்தாவில் 1973 முதல் கண்டெடுக்கப்பட்டுவரும் மெல்லிய மர ஏடுகளும் இத்தகையனவே. கி.பி. 100ஐ ஒட்டிய காலத்தில், கிளாடியா செவேரா என்னும் அதிகாரியின் மனைவி தன் தோழி சுல்பீசியா லெப்பிடினாவைப் பிறந்தநாள் விழாவிற்கு அன்போடு அழைக்கும் மடல் அவற்றுள் ஒன்று. அதே கோட்டையில் கிடைத்த வேறோர் ஏடு, உள்ளூர் மக்களை இழிவுக்குறிப்போடு 'சின்னப் பிரித்தானியர்' என்னும் பொருள்படும் சொல்லால் சுட்டுகின்றது. மதிலுக்குள் நட்பு இருந்தது. மதிலுக்கு வெளியே இருந்தவர்க்கு அது எளிதில் நீளவில்லை. தோற்றவரின் குரல் சான்றுகளில் இல்லாதபோது அதனைக் கற்பனை செய்வது புதினத்தின் பணியாகின்றது.

கிப்ளிங்கும் சட்கிளிஃப்பும்

ரட்யார்ட் கிப்ளிங் 1906இல் வெளியிட்ட 'பக் ஆஃப் பூக்ஸ் ஹில்' என்னும் நூலிலும் உரோமானிய மதிலைக் காக்கும் இரு நண்பர் வருகின்றனர். பர்னேசியஸ், பெர்ட்டினாக்ஸ் என்னும் அவ்விருவரும் உரோமானியப் படைத்தலைவர்களே. கிப்ளிங்கின் எழுத்தில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்ட சட்கிளிஃப், அவரைப் பற்றி 1960இல் ஒரு தனிநூலும் எழுதினார். ஆனால் தம் புதினத்தில் நட்பின் ஒரு முனையை மதிலுக்கு அப்பால் கொண்டு சென்றார். பேரரசைக் காப்பவர் இருவரின் தோழமை, பேரரசால் அனைத்தையும் இழந்தவனோடு கொள்ளும் தோழமையாக மாறிற்று.

புதினத்தில் எஸ்கா, மார்க்கஸின் குத்துவாள் உறையில் உள்ள நேர்க்கோட்டு வடிவத்தையும் தன் மக்களின் கேடயக் குமிழில் உள்ள வளைகோட்டு வடிவத்தையும் ஒப்பிட்டு, இரு இனத்தவரும் ஒருவரையொருவர் ஏன் புரிந்துகொள்ள இயலவில்லை என்பதை விளக்கும் இடம் குறிப்பிடத்தக்கது. அங்கே தோற்றவன் ஆசிரியனாகின்றான், வென்றவன் மாணவனாகின்றான். கிராடொக்கோடு மார்க்கஸ் வேட்டையையும் பந்தயத்தையும் பகிர்ந்துகொண்டான். உரோமின் ஆட்சி அவன் மக்களுக்கு எத்தகையதாக இருக்கின்றது என்று கேட்டறியவில்லை. எஸ்காவிடம் கேட்டான். முன்னர் நாம் எழுப்பிய வினாவிற்கு விடை இதுவே.

இந்நூல் வெளிவந்த 1954இல் மலாயாவும் சிங்கப்பூரும் பிரித்தானியர் ஆட்சியில் இருந்தன. ஒரு காலத்தில் தோற்றவராக இருந்த பிரித்தானியரின் வழித்தோன்றல் ஒருவர், தம் நாடு பேரரசுகளை இழந்துகொண்டிருந்த காலத்தில் இக்கதையை எழுதினார் என்பதை இந்நிலத்தில் இருந்து படிக்கும் நாம் எளிதில் மறக்க முடியாது. கதை முழுவதும் மார்க்கஸின் பார்வையிலேயே செல்வதும், எஸ்காவின் உள்ளத்தை மார்க்கஸ் அறிந்த அளவிற்கே நாம் அறிவதும் இந்நூலின் எல்லைகளாகும். நினைவுக்கற்களில் கண்ட குறை, குறைந்த அளவில், இங்கும் தொடர்கின்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் சில முடிவுகளுக்கு வரலாம். ஒன்பதாவது படையணியின் மறைவு பற்றிப் புதினம் கூறுவதை வரலாறாகக் கொள்ளுதல் கூடாது. சில்செஸ்டர்க் கழுகும் படைச்சின்னமன்று. ஆனால், வென்றவனும் தோற்றவனும் நண்பராவதற்கு எவையெவை தேவை என்பதில் இந்நூல் உரோமானிய வாழ்க்கையைச் சரியாக உணர்ந்திருக்கின்றது. அன்பு மட்டும் போதாது. மறுக்கும் உரிமை வேண்டும். அவ்வுரிமையை ஏற்கும் சட்டம் வேண்டும். தோற்றவன் சொல்வதைக் கேட்கும் செவியும் வேண்டும். முதலாவது மட்டுமே இருந்ததால் கிராடொக்கின் நட்பு தேர்ச்சக்கரத்தின் கீழ் முடிந்தது.

மீட்டு வரப்பட்ட கழுகு புதினத்தில் மீண்டும் எந்தப் படைக்கும் முன்னால் உயர்த்தப்படவில்லை. பெயர் கெட்ட படையணி திரும்ப அமைக்கப்படாது என்பதால், அது மார்க்கஸின் மாமன் வீட்டில் தரைக்கடியில் இரகசியமாகப் புதைக்கப்படுகின்றது. எதற்காக இருவரும் உயிரைப் பணயம் வைத்தனரோ, அப்பொருள் மண்ணுக்குள் போயிற்று. பயணத்தின்போது உறுதிப்பட்ட நட்பே எஞ்சிற்று. மாணவர்க்கு இந்நூலைக் கற்பிக்கும் ஆசிரியர், படையணி எங்கே போயிற்று என்னும் வினாவோடு பாடத்தைத் தொடங்கலாம். எஸ்காவின் கையில் அப்பத்திரம் ஏன் முதலில் தரப்பட்டது என்னும் வினாவோடு அதனை முடித்தல் நன்று.